மச்ச நியாயமும் மலைநாட்டு மீன்களும்

மாந்தர் கைக்கொண்ட பொழுதுபோக்குக்களுள் மீன் வளர்த்தல் மிகப் பழையது. ஆயினும் அதன்கண் அடங்கியுள்ள வினா பொழுதுபோக்கின் எல்லையைக் கடந்து செல்வது. புதிதாக அமைத்த தொட்டியொன்றில் எந்த மீனோடு எந்த மீனை விடலாம்? எவை தம்முள் ஒத்து வாழும்? எவை ஒன்றையொன்று மாய்க்கும்? கண்ணாடித் தொட்டி உடையான் இவ்வினாவைச் சிறிய அளவில் எழுப்புகின்றான். ஒரு நாட்டின் ஆறுகளிலும் குளங்களிலும் அயல்நாட்டு மீன்களைக் கொணர்ந்து விடுவோர் இதே வினாவைப் பெரிய அளவில் எழுப்பியிருத்தல் வேண்டும். இலங்கை மலைநாட்டின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை நோக்குமிடத்து, தொட்டிக்குக் காட்டப்பட்ட கவனம் ஓடைக்குக் காட்டப்படவில்லை என்பது புலனாகும். இவ்வுண்மையை ஊவா மாகாணத்துப் பெரகல என்னும் ஊரையும் அதனைச் சூழ்ந்த நீரோட்டங்களையும் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனுவின் கலசம்

மீனைக் கலத்திலிட்டு வளர்த்த செய்தி பாரத நாட்டின் பழைய நூல்களிலேயே உண்டு. சதபத பிராமணம் கூறும் பிரளயக் கதை யாவரும் அறிந்தது. காலையில் கைகழுவ எடுத்த நீரில் மனுவின் கையில் ஒரு சிறு மீன் அகப்படுகிறது. தன்னைக் காக்குமாறு அம்மீன் வேண்டுகிறது. சிறியனவாய் இருக்கும்வரை மீன்களுக்குப் பேரழிவு உண்டு, மீனை மீனே விழுங்கும் என்பது அது கூறும் காரணம். முதலில் தன்னைக் கலசத்தில் வளர்க்கவும், கலசம் கொள்ளாதபோது குழி அகழ்ந்து அதில் இடவும், அதுவும் போதாதபோது கடலிற் சேர்க்கவும் அது வழி சொல்கிறது. மகாபாரதத்தின் வன பருவத்தில் இக்கதை மேலும் விரிந்து, கலசம், வாவி, கங்கை, கடல் என நான்கு நிலைகளைப் பெறுகிறது.

சமயப் பொருள் ஒருபுறம் நிற்க, இக்கதையுள் மீன் வளர்ப்பின் இரண்டு அடிப்படை விதிகள் பொதிந்துள்ளன. சிறிய மீனைப் பெரிய மீனோடு சேர்த்தல் கூடாது என்பது ஒன்று. மீன் வளருந்தோறும் அதன் இருப்பிடமும் வளர்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இன்று கடையில் விரல் நீளமே உள்ள மீனைக் கண்டு வாங்கி, அது முழு வளர்ச்சி அடையும்போது என்னாகும் என்று எண்ணாதோர் பலர். அவர்க்கு மனுவின் கதை நல்லதோர் எச்சரிக்கையாகும்.

முதல் விதியை நம் முன்னோர் அரசியலுக்கும் ஏற்றிக் கூறினர். காவலன் இல்லாத நாட்டில் வலியார் மெலியாரை விழுங்குவர் என்பதை அர்த்தசாத்திரமும் சாந்தி பருவமும் மச்ச நியாயம் என்று வழங்கும். தொட்டியில் அந்நியாயம் நடவாமற் காக்கும் காவலன் அதனை அமைத்தவனே. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவனிடமே உள்ளது. ஓடையிலோ இயற்கை நெடுங்காலம் முயன்று ஒரு சமநிலையை ஏற்படுத்தியிருக்கும். அங்கே புதியதொரு மீனை இடுகின்றவன் அச்சமநிலைக்குத் தானே பொறுப்பாளியாகின்றான்.

தமிழரும் மீன்களின் இயல்பை நுணுகி அறிந்தவரே. கயல், கெண்டை, வாளை, வரால், அயிரை, ஆரல் எனச் சங்கப் புலவர் மீன்களை வேறு வேறாகப் பெயரிட்டு அழைத்தனர். இவற்றுள் அயிரையும் ஆரலும் நீரின் அடித்தரையில் வாழ்வன. வராலும் வாளையும் பிற மீன்களைத் தின்னும் இயல்பின. நீரின் மேற்பரப்பிலும் இடையிலும் அடியிலும் வாழும் மீன்கள் வெவ்வேறு என்ற அறிவு, ஒத்து வாழும் மீன்களைத் தேர்வதற்கு இன்றியமையாதது. நீரின் ஒரே தளத்தில் இரை தேடுவன தம்முள் போட்டியிடும். வெவ்வேறு தளங்களில் வாழ்வன ஒன்றுக்கொன்று இடம் விட்டு வாழும்.

பொன்மீனும் நத்தையும்

சீன நாட்டில் சொங் வமிசத்தார் காலத்திலேயே, அஃதாவது கி.பி. 960 முதல் 1279 வரையுள்ள காலத்திலேயே, பொன்மீன் வளர்ப்பு சிறந்து விளங்கியது. எனினும் நீரை அடிக்கடி மாற்றாமலே மீனை உயிரோடு வைத்திருக்கும் நெறி 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான் ஆராய்ச்சி முறையில் நிறுவப்பட்டது. அதனை நிறுவியவருள் இலண்டன் இரசாயன அறிஞர் இராபட் வாரிங்டன் முதன்மையானவர். அவர் 1850-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்றும் படித்தற்கு இனியது.

வாரிங்டன் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வலிசினேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் இட்டார். மீன் வெளியிடும் கரிவளியைத் தாவரம் கொள்ளும். தாவரம் வெளியிடும் பிராணவாயுவை மீன் கொள்ளும். இவ்வாறு ஒன்றையொன்று தாங்கும் என்று அவர் எதிர்பார்த்தார். சில காலம் அவ்வாறே நடந்தது. பின்னர் தாவரத்தின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கிற்று. அப்போது அவர் மூன்றாவதோர் உயிரைச் சேர்த்தார். அது குளத்து நத்தை. நத்தைகள் அழுகிய இலையைத் தின்று நீரைத் தெளிவாக்கின. அவை இட்ட முட்டைகளோ மீன்களுக்கு இரையாயின. மீன், தாவரம், நத்தை என்னும் மூன்றும் கூடியபோதே சமநிலை உண்டாயிற்று.

இச்சோதனை உலகுக்குக் கற்பித்த பாடம் பெரிது. ஒத்து வாழ்தல் என்பது இரண்டு மீன்கள் சண்டையிடாமல் இருப்பது மட்டும் அன்று. ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாகும் வகையில் பல உயிர்கள் கூடி அமைதலே ஒத்து வாழ்தல். 1853-இல் இலண்டன் றீஜன்ற் பூங்காவில் மக்கள் கண்டுகளிக்கும் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி கொஸ் தம் நூலை வெளியிட்டபின் கண்ணாடித் தொட்டி ஆங்கில இல்லங்களில் பெருகியது. பாரத நாட்டில், சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது.

வாரிங்டன் கண்ணுக்குப் புலப்பட்ட உயிர்களையே கண்டார். கண்ணுக்குப் புலப்படாத நான்காவது கூட்டம் ஒன்றும் அத்தொட்டியில் உண்டு. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா மீனுக்கு நஞ்சு. அதனை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்களின் தொழிலை உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளக்கினார். இந்நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் மெல்ல மெல்லப் பெருகுவன. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்குள் பல மீன்களை ஒருங்கே இடுவோர், அவை தம்முள் எத்துணை ஒத்தனவாயினும் அனைத்தையும் இழப்பர். ஆதலின் புதிய தொட்டிக்குத் தேர்வு செய்வோர், எந்த மீன் என்பதோடு எப்போது, எத்தனை என்பனவற்றையும் எண்ணுதல் வேண்டும். முதலில் வலிய இயல்புள்ள இரண்டு மூன்று மீன்களை இட்டுச் சில வாரம் காத்திருப்பதே அறிந்தோர் கண்ட முறை.

தீவின் தனி மீன்கள்

உலகெங்கணும் தொட்டிகளில் வளர்க்கப்படும் அழகிய மீன்களுட் சில இலங்கைத் தீவுக்கே உரியவை. இங்கன்றி வேறெங்கும் இயற்கையில் அவை வாழ்வதில்லை. சிங்கள மக்கள் தல் கொஸ்ஸா என்று வழங்கும் சீப்புவால் மீனை 1861-இலும், புலத் ஹபயா என்று வழங்கும் கருமாணிக்கக் கெண்டையை 1868-இலும் பிரித்தானிய நூதனசாலை அறிஞர் அல்பேட் குந்தர் அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்தார். அவ்வழியில் இந்நாட்டவராகவே தோன்றிப் பெரும்பணி ஆற்றியவர் பி. ஈ. பி. தெரணியகல. செந்நிறச் சிறு கெண்டையாகிய திட்டையாவை அவர் 1929-இல் விவரித்தார். ஹல் மரத்தின் பூவை ஒத்த நிறமுடைமையால் ஹல் மல் தண்டியா எனப் பெயர்பெற்ற சிறு மீனை 1930-இலும், மல்புலுட்டா என்னும் அரிய மீனை 1937-இலும் விவரித்தார். அவர் வெளியிட்ட வண்ணப்பட நூல் 1952-இல் வந்தது. தெகிவளை விலங்குச்சாலையில் பணியாற்றிய றொட்னி ஜொங்க்ளாஸ் இம்மீன்களை உயிரோடு அறிந்து உலகுக்கு உணர்த்தியவருள் முன்னின்றவர். தெரணியகல 1956-இல் ஒரு மீனினத்துக்கு அவர் பெயரையே இட்டார். உறோகான் பெத்தியாகொட 1991-இல் வெளியிட்ட நன்னீர் மீன் நூல் இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம்.

இவ்வாராய்ச்சிகளால் தெளிந்த உண்மை ஒன்று உண்டு. தீவு சிறிதாயினும் அதன் மீன்கள் எங்கும் ஒரேவகையாகப் பரவியிருக்கவில்லை. தென்மேற்கின் மழைக்காட்டு ஓடைகளுக்கு ஒரு மீன்கூட்டம். மகாவலி ஆற்றுத் தொகுதிக்கு ஒன்று. வரண்ட வலயத்துக் குளங்களுக்கு மற்றொன்று. ரணில் சேனநாயக்கவும் பீற்றர் மொயிலும் 1982-இல் வெளியிட்ட கட்டுரையில் தீவினை இத்தகைய மீன் வலயங்களாகப் பிரித்துக் காட்டினர். கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடையில் ஒரு சிற்றோடையில் மட்டும் வாழ்ந்த பந்துல கெண்டை 1991-இலேதான் விவரிக்கப்பட்டது. ஓர் ஓடை அழிந்தால் ஓர் இனமே அழியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மீன்களை இவ்வாறு பிரித்து வைத்தவை மலைகளும் அருவிகளும் ஆகும். மீனுக்கு மலைமுகடு ஒரு மதில். உயர்ந்த அருவி ஒரு பூட்டிய கதவு. ஒரே முகட்டின் இருபுறமும் பிறக்கும் ஓடைகள் அணித்தே இருப்பினும், அவற்றின் மீன்கள் ஒன்றையொன்று காணா.

பெரகலயின் நீர்ப்பிரிமேடு

இவ்வுண்மையைக் கண்முன் காட்டும் ஊர் பெரகல. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, அல்துமுல்லை வழியாக ஏறிவரும் பெருந்தெரு இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கி ஏறும். மற்றது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். தெரு பிரிவதைப் பயணிகள் யாவரும் அறிவர். அத்தெருக்களை ஒட்டி நீரும் பிரிவதை அறிந்தோர் சிலரே.

அப்புத்தளை முகட்டின் வடபால் விழும் மழை உமா ஓயாவைச் சேர்ந்து, மகாவலியில் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடையும். தென்பால் விழும் மழையின் ஒரு பகுதி வளவை கங்கையிற் சேரும். கிழக்கே கொஸ்லாந்தைப் பக்கத்து நீர் கிரிந்தி ஓயாவிற் சேரும். அதன் கிளையாகிய புனாகலை ஓயாவே 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும அருவியாக வீழ்கிறது. இன்னும் கிழக்கே நமுனுகுல மலைத்தொடரிற் பிறக்கும் மாணிக்க கங்கை, அடியார் நீராடும் கதிர்காமத் திருத்தலத்தைத் தழுவிச் செல்கிறது. ஒரு சிறு நிலப்பரப்பிலிருந்து நான்கு ஆறுகளுக்கு நீர் பிரிகின்றது எனின் இவ்விடத்தின் சிறப்பு விளங்கும். இங்குள்ள வீடொன்றின் தொட்டியிலிருந்து வாய்க்காலிற் கொட்டப்படும் மீன் எந்த ஆற்றைச் சேரும் என்பது அவ்வீடு மலையின் எப்பக்கத்தில் அமைந்தது என்பதைப் பொறுத்தது.

அண்மையில் மனிதன் இம்மதிலையே துளைத்துள்ளான். உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம் 2024 ஏப்ரல் 24-இல் தொடக்கி வைக்கப்பட்டது. மகாவலித் தொகுதிக்குரிய உமா ஓயாவின் நீர், மலையூடு குடைந்த சுரங்கவழியாகச் சென்று, 120 மெகாவாற்று மின்சாரம் தரும் நிலத்தடி நிலையத்தைக் கடந்து, கிரிந்தி ஓயா வடிநிலத்தை அடைகிறது. வரண்ட தென்கிழக்குக்கு அந்நீர் பெரும் பயன் தருவது. எனினும் ஊழிதோறும் பிரிந்திருந்த இரண்டு ஆறுகளின் நீர் இப்போது ஒன்றாகின்றது என்பது மீன் வரலாற்றில் குறித்து வைக்கத் தக்க செய்தி. ஒரு தொகுதியில் ஒருவன் செய்யும் பிழை இனி அத்தொகுதியோடு நில்லாது போகவுங் கூடும்.

ஓடைகளில் நிகழ்ந்த தேர்வுகள்

மலைநாட்டு ஓடைகளுக்கு அயல் மீன்களைத் தேர்ந்தவர் யாவர், எக்காரணம் பற்றித் தேர்ந்தனர் என்பதை இனி நோக்குதல் தகும். அவர்தம் நோக்கங்களை மூன்றாக வகுக்கலாம்: விளையாட்டு, நோய்த்தடுப்பு, உணவு.

முதலாவது தேர்வு ட்ரவுட் மீன். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பிப் பயிர் அழிந்து, தேயிலை மலைகளை மூடத் தொடங்கிய காலம் அது. தோட்டத் துரைமாரும் ஆங்கில அதிகாரிகளும் தம் நாட்டுத் தூண்டில் விளையாட்டை இங்கும் காண விழைந்தனர். 1880-களில் பழுப்பு ட்ரவுட் மீனின் முட்டைகள் கப்பலேறி வந்து நுவரெலியாவைச் சேர்ந்தன. பின்னர் வானவில் ட்ரவுட் மீனும் கொணரப்பட்டது. நுவரெலியாவிற் பொரிப்பகம் அமைத்துக் குஞ்சுகளை ஆண்டுதோறும் ஓடைகளில் விட்டனர். ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வானவில் ட்ரவுட் நிலைபெற்றது.

தேர்ந்தவர் எண்ணியவை இரண்டே: நீரின் குளிர், நீரிலுள்ள பிராணவாயு. அவ்விரண்டிலும் அவர் தவறவில்லை. அவ்வோடைகளில் ஏற்கெனவே வாழ்ந்த உயிர்கள் யாவை என்பதே அவர் எண்ணாதது. அருவிகளுக்கு மேலே உள்ள அவ்வுயர் நிலத்து ஓடைகளில் உள்நாட்டு மீன்கள் மிகச் சில. மீனில்லா நீரில் மீனை விடுதலால் என்ன கேடு என்று கருதினர் போலும். ஆனால் மீன் அரிதாயிருந்த அந்நீரிலேதான் தீவுக்கே உரிய சிறு இறால் ஒன்றும், நண்டுகளும், தவளைக் குஞ்சுகளும், நீர்ப்பூச்சிகளும், வேட்டையாடும் பெருமீன் என்பதை அறியாமல் வாழ்ந்து வந்தன. ட்ரவுட் அவற்றையே இரையாகக் கொள்வது. இச்சமவெளியிலிருந்து மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் செல்கிறது. பெரகலக்கு மேற்கே வளவையோடு கூடும் பெலிகுல் ஓயாவும் இங்கிருந்தே பிறக்கிறது. அச்சமவெளி 1988-இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010-இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. காப்பிடமாகிய பின்னும் ஓடையில் வந்தேறி மீன் எஞ்சியுள்ளது.

இரண்டாவது தேர்வு கப்பி. தென்னமெரிக்காவின் வடபகுதிக்கும் திரினிடாத் தீவுக்கும் உரிய இச்சிறு மீன், நுளம்பின் குடம்பிகளைத் தின்னும் என்பது பற்றி 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொணரப்பட்டது. 1934, 1935 ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்ட நாட்டில், நுளம்பை அழிக்கும் எந்த வழியையும் பழித்தல் எளிதன்று. ஆயினும் தீவின் சிறு கெண்டைகளும் குடம்பிகளைத் தின்பனவே. ஓர் உள்நாட்டு மீன் செய்யத்தக்க தொழிலுக்கு அயல் மீன் தேவையா என்னும் ஆராய்ச்சி முன்னரே நிகழ்ந்திருத்தல் வேண்டும். கப்பி இன்று ஊர்தோறும் வாய்க்கால்களில் வாழ்கிறது. அதே மீன் இன்று இலங்கை ஏற்றுமதி செய்யும் அலங்கார மீன்களுள் முதன்மையானவற்றுள் ஒன்றாகிப் பலர்க்கு வாழ்வளித்தலும் உண்மை.

மூன்றாவது தேர்வு திலாப்பியா. ஆபிரிக்காவுக்குரிய இம்மீன் 1952-இல் உணவின்பொருட்டுக் கொணரப்பட்டது. பழைய அரசர் கட்டிய வரண்ட வலயக் குளங்களில் அது பெருகி, ஏழை மக்களுக்கு மலிந்த விலையில் ஊன் தந்தது. மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்களின் உலையிலும் அது வேகிறது. திலாப்பியா உள்நாட்டு மீன்களுக்குச் செய்த கேடு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து ஒருமைப்படவில்லை. மனிதன் கட்டிய குளம் தானே ஒரு செயற்கைத் தொட்டியாதலின் அங்கே அதனை வைத்தல் தகும் என்பாரும் உளர். குளத்துக்குத் தக்கது ஓடைக்கும் தகும் என்று அதனால் முடிவு செய்தல் ஆகாது.

இவை மூன்றும் அறிந்து செய்த தேர்வுகள். நான்காவதாக வந்தது அறியாமற் செய்த தேர்வு. அலங்காரத் தொட்டிகளுக்கென்று கொணரப்பட்ட மீன்கள் தப்பியோ விடப்பட்டோ ஆறுகளை அடைந்தமை அதுவாகும். தாய்லாந்துப் பகுதிக்குரிய கத்திமீன் 1990-களில் தென்மேற்கின் நீர்நிலைகளிற் காணப்பட்டது. அது பிற மீன்களை உண்டு பெருத்து வளர்வது. தொட்டியின் பாசியைத் துப்புரவாக்குமென்று கடைகளில் விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி, சிறிதாக வந்து ஒன்றரை அடி வரை வளரும் தன்மையது. இடம் போதாமை கண்ட உரிமையாளர் அதனைக் கொல்ல மனமின்றி ஆற்றில் விடுகின்றனர். மகாவலித் தொகுதியின் நீர்த்தேக்கங்களில் அது இன்று நிலைகொண்டுள்ளது. மனு தன் மீனைக் கலசத்திலிருந்து கடலுக்குக் கொண்டு சென்றது அம்மீன் கடலுக்கு உரியதாகலின். அமேசான் ஆற்று மீனை மகாவலியில் விடுதல் அதனோடு ஒப்பதன்று.

இக்கேடுகளைக் கண்ட அரசு, உயிர்மீன் ஏற்றுமதி இறக்குமதி பற்றிய ஒழுங்குவிதிகளை 1998-இல் வெளியிட்டது. தீவுக்குரிய அரிய மீன்கள் சிலவற்றின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. ஆபத்தான அயல் மீன்கள் சிலவற்றின் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. காட்டு உயிர்களைக் காக்கும் 1937-ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் பின்னர்த் திருத்தப்பட்டு, மீன்களும் அதன் காவலுக்குள் வந்தன. நல்ல நோக்கோடு ஆராய்ந்து செய்த இடமாற்றமும் உண்டு. அழிவை அஞ்சிய மழைக்காட்டு மீன்கள் சில மகாவலியின் கிளைகளிற் குடியேற்றப்பட்டன. அதன் விளைவுகளை எரிக் விக்கிரமநாயக்க 1990-இல் ஆராய்ந்து வெளியிட்டார். விட்டபின் திரும்பிச் சென்று பார்த்து எழுதியதே அம்முயற்சியின் சிறப்பு.

மலைநாட்டுத் தொட்டிக்கு ஏற்ற மீன்கள்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து, ஊவா மலைச்சரிவில் புதிதாகத் தொட்டி அமைப்போர் கொள்ளத்தக்க நெறிகள் தாமே பெறப்படும். அவை ஐந்து.

முதலாவது வெப்பநிலை. பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் இராக்காலத்தில் 20 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்குதல் வழக்கம். கொழும்பில் நன்றாக வாழும் சண்டை மீனும் ஏஞ்சல் மீனும் 24 முதல் 28 பாகை வரையுள்ள நீரை விரும்புவன. சூடாக்கும் கருவியின்றி அவற்றை இங்கு வளர்த்தல் அவற்றுக்குத் துன்பமாகும். பொன்மீனும், கங்கைச் சமவெளிக்குரிய வரிக்குதிரை டேனியோவும், சீன மலைநாட்டுக்குரிய வெண்முகில் மீனும் குளிரைப் பொறுப்பன. இம்மூன்றனுள்ளும் பொன்மீன் மிகப் பெரிதாக வளர்ந்து மிகுந்த கழிவை வெளியிடுமாதலின், அதனைச் சிறு மீன்களோடு சேராது தனியே அகன்ற தொட்டியில் வைத்தல் நன்று.

இரண்டாவது நீரின் தன்மை. மலைப்பாறையிலிருந்து பீலி வழியாக வரும் நீர் பொதுவாக மென்மையானது. கப்பியும் மொலியும் வன்மையான நீரை விரும்புவன. கெண்டை இனங்களோ மென்மையான நீரில் தழைப்பன. குழாய்நீராயின் அதிலுள்ள குளோரீன் நீங்க ஒருநாள் திறந்து வைத்தல் வேண்டும். தேயிலைத் தோட்டத்து நீருக்குத் தனியே ஓர் எச்சரிக்கை உண்டு. 1946-இல் இலங்கையிற் பரவிய கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லிகள் தெளிக்கப்பட்டு வந்தன. செம்பு மீனுக்குத் தீது. இறாலுக்கும் நத்தைக்கும் அதனினும் தீது. தெளித்த நாள்களை அடுத்துப் பெய்யும் மழையின்போது பீலிநீரைத் தொட்டிக்கு எடுத்தல் கூடாது.

மூன்றாவது வாயின் அளவு. எந்த மீனின் வாய்க்குள் எந்த மீன் அடங்குமோ, அவ்விரண்டும் ஒரு தொட்டிக்கு உரியன அல்ல. சீப்புவால் மீன் தீவின் பெருமைக்குரியதாயினும், அரை விரல் நீளமுள்ள தண்டியாவோடு அதனை வைத்தல் மச்ச நியாயத்துக்கு இடங்கொடுப்பதாகும்.

நான்காவது கூட்ட இயல்பு. திட்டையா, கருமாணிக்கக் கெண்டை, டேனியோ ஆகியன கூட்டமாக வாழ்வன. ஒன்றிரண்டாக வைத்தால் அச்சத்தால் ஒடுங்கும், அன்றிப் பிற மீன்களின் செட்டையைக் கடிக்கும். ஆறு அல்லது எட்டாக வைத்தால் அமைதி பெறும். இரண்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 57 லீற்றர் கொள்ளும். அத்தகைய தொட்டியில் ஐந்து சென்ரிமீற்றர் அளவுள்ள இத்தகைய மீன்கள் எட்டும் சில நத்தைகளும் போதும். பல இனங்களுக்கு ஆசைப்பட்டு இனத்துக்கு ஒன்றாக வாங்குவோர் ஓர் இனத்துக்கும் நல்வாழ்வு தாரார்.

ஐந்தாவது மீன் வந்த வழி. தீவுக்கே உரிய மீன்களை ஓடையிற் பிடித்துக் கொணர்தல் கூடாது. தொட்டியிலே இனம்பெருக்கி விற்போரிடமிருந்தே அவற்றைப் பெறுதல் வேண்டும். அவ்வாறு பெற்ற திட்டையாவும் கூட ஊவாவின் ஓடைகளுக்கு அயலானே. அதன் தாய்நீர் தென்மேற்கின் மழைக்காட்டு ஓடைகள். நாட்டு மீன் என்பதனால் நாட்டின் எந்த நீரிலும் விடலாம் என்று கொள்ளுதல் தவறு.

இவ்விடத்தே சமய வழக்கம் ஒன்றும் கருதத்தக்கது. கோயிற் கேணி மீன்களுக்குப் பொரியிடுதலும், உயிர் விடுவித்தலைப் புண்ணியமெனக் கொள்ளுதலும் தொன்றுதொட்டு வருவன. அருளின் பாற்பட்ட அவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் தொட்டி மீனை ஆற்றில் விடுவித்தல், ஓர் உயிர்க்கு அருள் செய்து ஆயிரம் உயிர்க்கு இடர் செய்வதாய் முடியும். நமுனுகுல மலையடியில் விடப்பட்ட ஒரு சோடி மீனின் வழித்தோன்றல்கள் கதிர்காமத்து நீராடுதுறை வரை செல்லுதல் கூடாததொன்று அன்று. வைத்திருக்க இயலாத மீனை வளர்க்க வல்ல பிறரிடமோ வாங்கிய கடையிலோ கொடுத்தலே உண்மையான சீவகாருணியம்.

முடிவுரை

மனு தன் கலசத்து மீனுக்குக் கடைசிவரை பொறுப்பேற்றான். அது வளருந்தோறும் அதற்கு உரிய நீரைத் தேடிக் கொடுத்தான். ட்ரவுட் மீனைக் கொணர்ந்தோர் மீனுக்கு உரிய நீரைத் தேடினரேயன்றி, அந்நீருக்கு உரிய உயிர்களைத் தேடினரல்லர். ஒத்து வாழும் மீனைத் தேர்தல் என்பதன் முழுப்பொருள் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதலே. அதனைப் பயிலுதற்குக் கண்ணாடித் தொட்டியைப் போன்ற பள்ளிக்கூடம் பிறிதில்லை. அங்கே தேர்வின் பிழை சில நாள்களில் வெளிப்பட்டு விடும். ஆற்றிலோ அது தலைமுறைகள் கழிந்தே வெளிப்படும். வெளிப்பட்டபின் மீட்கவும் முடியாது.

நான்கு ஆறுகளுக்கு நீர் வழங்கும் மலைச்சரிவில் வாழும் மாணவர்க்கு இக்கல்வி பிற ஊராரினும் மிகுதியாக வேண்டும். தத்தம் ஊர் ஓடையில் எந்த மீன் வாழ்கிறது, அது இவ்வூருக்கு உரியதா, வந்தேறியதா என்று கண்டு குறித்து வைப்பது, விலையுயர்ந்த கருவி எதனையும் வேண்டாத ஆராய்ச்சி. உமா ஓயாவின் நீர் கிரிந்தி ஓயாவை அடையத் தொடங்கிய இக்காலத்தில் இருபுறத்து ஓடைகளிலும் உள்ள மீன்களை இன்றே பட்டியலிட்டு வைத்தால், பின்வரும் தலைமுறை எது மாறியது என்பதை அறியும். கல்லூரிகளின் இயற்கை வரலாற்றுக் கழகங்கள் மேற்கொள்ளத் தக்க பணி இதுவாகும்.